வேலை போகுமா, நிலைக்குமா?

ஒரு காகிதம். அதில் நாலே வரி. கீழே மானேஜரின் கையெழுத்து.

"நீர் செய்த குற்றத்துக்காக இன்று முதல் வேலையில் இருந்து நீக்கப்படுகிறீர்" என்பதுதான் அந்த நாலு வரியின் சாரம்.

அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு ஒரு தொழிலாளி வீடு திரும்புகிறார். சைக்கிளைத் திண்ணை ஓரம் சாய்த்து வைக்கிறார். "என்னங்க, இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்க?" என்று மனைவி கேட்கிறாள். அவர் பதில் பேசவில்லை. முதல் தேதி மளிகைக் கடைக்காரருக்கு என்ன சொல்வது? வீட்டு வாடகைக்கு எங்கே போவது? பெரிய பெண்ணின் படிப்பு என்ன ஆவது?

ஒரு மனிதரின் வேலை போனால், ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைகிறது. ஆகவேதான் அந்த நாலு வரியே கடைசி முடிவு அல்ல என்று சட்டம் சொல்கிறது. முதலாளி கொடுத்த தண்டனை சரியா, தவறா என்று பார்க்க மூன்றாவது மனிதர் ஒருவர் உண்டு. அவர் மத்தியஸ்தராக இருக்கலாம். தொழில் தீர்ப்பாயத்தின் நீதிபதியாக இருக்கலாம்.

அவர்கள் எப்படித் தீர்ப்புச் சொல்கிறார்கள்? எந்தத் தப்புக்கு வேலை போகும்? எந்தத் தப்புக்குப் போகாது? சில உண்மை வழக்குகளைப் பார்ப்போம்.

மூன்று நாள் பட்டினி

ஊரில் இரண்டு பேருக்குள் வரப்புத் தகராறு வந்தால் என்ன செய்கிறோம்? இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவரிடம் போகிறோம். "நீங்கள் சொல்வதற்குக் கட்டுப்படுகிறோம்" என்கிறோம். தொழில் தகராறிலும் இதே முறைதான். இதற்கு மத்தியஸ்தம் என்று பெயர்.

நம் நாட்டில் இந்த முறைக்குப் புகழ் தேடித் தந்தவர் காந்தியடிகள். 1918-ஆம் ஆண்டு ஆமதாபாத் மில் தொழிலாளர்கள் 35 சதவிகிதம் கூலி உயர்வு கேட்டார்கள். மில் முதலாளிகள் 20 சதவிகிதத்துக்கு மேல் ஒரு காசு தர மாட்டோம் என்றார்கள். வேலை நின்றது. நாட்கள் செல்லச் செல்லத் தொழிலாளர்களின் வீட்டில் பசி வந்தது. உறுதி தளர்ந்தது. அப்போது காந்தியடிகள் உண்ணாவிரதம் தொடங்கினார்.

மூன்று நாளில் சமரசம் பிறந்தது. வேலைக்குத் திரும்பிய முதல் நாள் 35 சதவிகிதம். இது தொழிலாளர்களின் சபதத்தைக் காப்பாற்ற! இரண்டாம் நாள் 20 சதவிகிதம். இது முதலாளிகளின் கௌரவத்தைக் காப்பாற்ற! மூன்றாம் நாள் முதல் இரண்டுக்கும் நடுவாக இருபத்தேழரை சதவிகிதம். கடைசி முடிவை மத்தியஸ்தர் சொல்வார் என்று ஏற்பாடு. பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா மத்தியஸ்தராக இருந்து கணக்குகளைப் பார்த்தார். 35 சதவிகிதமே நியாயம் என்று தீர்ப்பளித்தார்.

அதே 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான் நம் சென்னையில் 'சென்னைத் தொழிலாளர் சங்கம்' பிறந்தது. பி. பி. வாடியா அதன் தலைவர். திரு. வி. க. அதற்காக உழைத்தவர்களில் ஒருவர். பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் அதில் திரண்டார்கள்.

கிரகணத்துக்கு லீவு கேட்டார்கள்

அந்தப் பின்னி ஆலைகளில் நடந்த ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று.

1948-ஆம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி சூரிய கிரகணம். அன்று முற்பகல் விடுமுறை வேண்டும் என்று கர்னாடிக் மில் தொழிலாளர்கள் கேட்டார்கள். நிர்வாகம் முடியாது என்றது. அன்று மாலை இரவு ஷிப்டுக்கு வந்த 859 பேர் வேலையை நிறுத்தினார்கள். சிலர் 4 மணிக்கு, சிலர் நாலரைக்கு, சிலர் 5 மணிக்கு. இரவு 8 மணிக்கெல்லாம் அந்தப் பகுதிகளில் வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது.

சில மணி நேரந்தான்! ஆனால் நிர்வாகம் ஒரு நோட்டீசு ஒட்டியது. "முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை நிறுத்தியது சட்டவிரோதம். உங்கள் சர்வீசு அறுந்துவிட்டது. இந்த வருடம் சம்பளத்தோடு விடுமுறை கிடையாது" என்பது அதன் பொருள்.

வழக்கு படிப்படியாக ஏறியது. 1952-ஆம் ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நிர்வாகம் செய்தது சட்டப்படி சரி என்றது. பலர் கூடிப் பேசி வேலையை நிறுத்தினால், சில மணி நேரமானாலும் அது வேலைநிறுத்தந்தான் என்பது இந்த வழக்கு சொன்ன பாடம்.

கேட்டது சின்ன விடுமுறை. இழந்தது ஒரு வருடத்து விடுமுறை!

கட்டவிழ்ந்த கைகள்

அந்தக் காலத்தில் இன்னொரு சங்கடமும் இருந்தது. ஒரு தொழிலாளியை முதலாளி விசாரித்து 'டிஸ்மிஸ்' செய்துவிட்டால், தீர்ப்பாயம் லேசில் தலையிட முடியாது. நான்கு காரணங்களில் ஒன்று இருந்தால்தான் தலையிடலாம் என்று 1950-களின் பிற்பகுதியில் சுப்ரீம் கோர்ட்டு வரையறுத்தது.

முதலாளியிடம் நல்லெண்ணம் இல்லாமல் இருக்க வேண்டும். அல்லது பழிவாங்கும் நோக்கம் இருக்க வேண்டும். அல்லது விசாரணையில் பெரிய பிழை நடந்திருக்க வேண்டும். அல்லது சாட்சியமே இல்லாமல் குற்றவாளி என்று முடிவு கட்டியிருக்க வேண்டும். இந்த நான்கும் இல்லை என்றால், தண்டனை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் பொதுவாக அதைக் குறைக்க வழி இல்லை.

1971-ஆம் ஆண்டு பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தியது. தொழில் தகராறு சட்டத்தில் 11-ஏ என்ற புதுப் பிரிவு சேர்ந்தது. அந்த வருடம் டிசம்பர் 15-ந் தேதி அது அமுலுக்கு வந்தது. சாட்சியத்தைத் தீர்ப்பாயம் தானே எடைபோடலாம். தண்டனை அதிகம் என்று தோன்றினால் குறைக்கலாம். 'டிஸ்மிஸ்' உத்தரவை ரத்து செய்து வேலையும் கொடுக்கலாம். நீதிபதியின் கையைக் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்தது.

தப்பு செய்தவர் யார்?

காந்தியடிகள் மத்தியஸ்தம் நடத்திய அதே ஆமதாபாத்தில் மற்றொரு மத்தியஸ்தம் நடந்தது. இது நடந்தது இரும்புக் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில்.

1973-ஆம் ஆண்டு அங்கே வேலைநிறுத்தம். அது சட்டவிரோதம் என்று சொல்லி நிர்வாகம் 800-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை ஒட்டுமொத்தமாக நீக்கியது. தகராறு ஒரு மத்தியஸ்தரிடம் போயிற்று. அவர் நிர்வாகத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். குஜராத் ஐகோர்ட்டு அந்தத் தீர்ப்பை மாற்றியது. கடைசியில் சுப்ரீம் கோர்ட்டு.

1979-ஆம் ஆண்டு நவம்பரில் தீர்ப்பு வந்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் அதை எழுதினார். மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டார். மற்ற இருவரின் முடிவே தீர்ப்பாயிற்று. வேலைநிறுத்தம் சட்டவிரோதமாகவே இருக்கட்டும். அதில் யார் யார் என்ன தவறு செய்தார்கள் என்று தனித்தனியே பார்க்க வேண்டாமா? தூண்டிவிட்டவரும், பயந்து வீட்டில் இருந்தவரும் ஒன்றா? எல்லாரையும் ஒரே கோலால் அடிப்பது நியாயம் அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து. "தண்டனை அல்ல, சாதாரண நீக்கம்" என்று காகிதத்தில் எழுதினாலும், உள்ளே இருப்பது தண்டனையா என்று கோர்ட்டு திரையை விலக்கிப் பார்க்கும் என்றும் சொன்னார்கள்.

தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு மட்டும் அல்ல, மத்தியஸ்தருக்கும் உண்டு என்று நிலைநாட்டிய தீர்ப்பு இது.

கோபத்தில் வந்த வார்த்தை

வேலை செய்யும் இடத்தில் மேலதிகாரியோடு வாய்ச் சண்டை. கோபத்தில் வார்த்தை தடித்துவிட்டது. இதற்கு வேலை போகுமா?

இரண்டு வழக்குகள். இரண்டு விதமான தீர்ப்புகள்.

உத்தரப் பிரதேசத்தில் ஒரு மின்சார நிறுவன ஊழியர் மிரட்டும்படி பேசினார் என்று வேலையில் இருந்து நீக்கப்பட்டார். அவர் 14 வருடம் சர்வீசு உள்ளவர். அதற்கு முன் அவர் மீது புகார் எதுவும் காட்டப்படவில்லை. 1982-இல் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் சும்மா விடவில்லை. இரண்டு 'இன்கிரிமெண்டு'களை நிறுத்தியது.

2005-இல் வேறொரு வழக்கு. மராட்டிய மாநிலத்தில் ஒரு மோட்டார் கம்பெனித் தொழிலாளி மேலதிகாரியைக் கெட்ட வார்த்தைகளால் ஏசினார். இங்கே 'டிஸ்மிஸ்' சரியே என்று அதே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

ஏன் இந்த வித்தியாசம்? சொன்ன வார்த்தை என்ன, எந்தச் சூழ்நிலையில் சொன்னார், முன்பு எப்படி நடந்துகொண்டார் என்று நீதிபதிகள் எடைபோடுகிறார்கள். ஆகவே "போன வருஷம் அவனை விட்டார்கள், என்னையும் விடுவார்கள்" என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

இரும்புத் தகட்டில் தூக்கம்

புனேயில் ஒரு பெரிய தொழிற்சாலை. 1983-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி. பகல் 11 மணி 40 நிமிஷம். ஒரு தொழிலாளி வேலை செய்யும் இடத்திலேயே இரும்புத் தகட்டின் மேல் படுத்து ஆழ்ந்து தூங்கினார். மேலதிகாரிகள் பார்த்துவிட்டார்கள். விசாரணை நடந்தது. வேலை போயிற்று.

"தூங்கியதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா?" என்று தொழிலாளர் கோர்ட்டு கருதியது. வேலையைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவிட்டது. வழக்கு ஒவ்வொரு கோர்ட்டாக நடந்தது. 2005-இல் சுப்ரீம் கோர்ட்டு கடைசித் தீர்ப்பைச் சொன்னது. வேலை நீக்கம் சரியே! காரணம், அந்தத் தொழிலாளி அதற்கு முன்பே மூன்று முறை தவறு செய்து தண்டனை பெற்றவர்.

தூக்கம் ஒரு நாள். வழக்கு 20 வருடத்துக்கு மேல்!

எட்டு நாள் வராவிட்டால்?

"அனுமதி இல்லாமல் எட்டு நாளுக்கு மேல் வராதவர் தானே வேலையை விட்டுவிட்டதாகக் கருதப்படுவார்." பல தொழிற்சாலைகளின் நிலையாணைகளில் இப்படி ஒரு விதி உண்டு. நிலையாணை என்பது, எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்று தொழிற்சாலையில் எழுதி வைத்திருக்கும் சட்டம்.

1980-இல் ஒரு தொழிலாளியின் பெயரை இந்த விதியைக் காட்டி அடித்துவிட்டார்கள். "நான் வந்தேன். கேட்டில் என்னை உள்ளே விடவில்லை" என்றார் அவர். 1993-இல் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் நின்றது. விதி இருந்தாலும், "ஏன் வரவில்லை?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் வேலையைப் பறிக்கக் கூடாது என்றது. வேலையோடு பாதிச் சம்பளப் பாக்கியும் அவருக்குக் கிடைத்தது.

ஒருவர் சொல்வதைக் கேட்காமல் அவரைத் தண்டிக்காதே. இதைத்தான் 'இயற்கை நீதி' என்கிறார்கள்.

கேட்டுக்கு வெளியே நடந்த கைகலப்பு முதலியவற்றுக்குத் தண்டனை உண்டா என்ற கேள்வியும் ஒரு முறை வந்தது. ஒரு மருந்துக் கம்பெனி வழக்கில் 1983-இல் சுப்ரீம் கோர்ட்டு பதில் சொன்னது. எது குற்றம் என்று நிலையாணையில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். சம்பவம் நடந்த பிறகு "இதுவும் குற்றந்தான்" என்று முதலாளி சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பதே அந்தப் பதில்.

பயணச் செலவுக்குக் காசு இல்லை

கோலார் தங்கவயல். அங்கே நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். அங்கே பாதுகாப்பு அதிகாரியாக இருந்த ஒருவரின் வீட்டில் 1985-ஆம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி போலீசார் சோதனை போட்டார்கள். நாலரை கிராம் எடையுள்ள தங்க உருண்டையும், தங்கம் கலந்த மண்ணும் கிடைத்ததாகச் சொன்னார்கள். அவர் 'சஸ்பெண்டு' செய்யப்பட்டார்.

ஒரு பக்கம் போலீஸ் வழக்கு. மறு பக்கம் கம்பெனி விசாரணை. சஸ்பெண்டு ஆனவருக்குச் சாப்பாட்டுக்கு என்று தர வேண்டிய பிழைப்பு ஊதியத்தை அவருக்குத் தரவில்லை. அவர் கேரளத்தில் உள்ள சொந்த ஊருக்குப் போய்விட்டார். விசாரணைக்கு வரக் கையில் காசு இல்லை. அவர் இல்லாமலே விசாரணை முடிந்தது. வேலையும் போயிற்று. பிறகு 1987-இல் கிரிமினல் கோர்ட்டு அவரைக் குற்றவாளி அல்ல என்று விடுதலை செய்தது.

1999-இல் சுப்ரீம் கோர்ட்டு கேட்ட கேள்வி மனத்தைத் தொடுவது. சோற்றுக்கே வழி இல்லாத ஒருவர் எப்படி விசாரணைக்கு வந்து வாதாட முடியும்? பிழைப்பு ஊதியம் தராமல் நடத்திய அந்த விசாரணை செல்லாது. அதே சாட்சியத்தைக் கிரிமினல் கோர்ட்டும் நம்பவில்லை. ஆகவே அவரை முழுச் சம்பளத்தோடு வேலையில் சேர்க்க வேண்டும் என்று நீதிபதிகள் உத்தரவிட்டார்கள்.

வேலைக்குப் போகும் பெண்கள்

பெண்களின் மானத்தைக் காப்பதும் வேலையிட உரிமைகளில் ஒன்று. 1988-இல் டெல்லியில் ஓர் அதிகாரி, தன் கீழ் வேலை பார்த்த குமாஸ்தா-டைப்பிஸ்ட் பெண்ணிடம் முறைகேடாக நடக்க முயன்றார். அவர் வேலையில் இருந்து நீக்கப்பட்டார். ஐகோர்ட்டில் அவருக்கு வெற்றி. முயற்சிதான் செய்தார், உண்மையில் தொடவில்லை என்பது அங்கே சொன்ன காரணம்.

1999 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. தொட்டால்தான் குற்றம் என்பது தவறு. அந்தப் பெண்ணுக்கு அவமானமும் அச்சமும் தரும் நடத்தையே போதும். அவரை நீக்கியது சரியே என்றது.

பெண்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும்.

இன்றைய சட்டம்

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்துக்குப் பதிலாக இப்போது புதிய சட்டம் வந்திருக்கிறது. 2020-இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்தது.

சஸ்பெண்டு ஆனவருக்கு முதல் 90 நாள் பாதிச் சம்பளம் பிழைப்பு ஊதியமாகத் தர வேண்டும். தொழிலாளியின் தவறு இல்லாமல் விசாரணை நீண்டால், அதன் பிறகு முக்கால் பங்கு. விசாரணையைச் சாதாரணமாக 90 நாளில் முடிக்க வேண்டும். நிலையாணை பற்றிய விதிகள் 300 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு உரியவை. வேலைநிறுத்தம் செய்ய, நோட்டீசு கொடுத்து 14 நாள் பொறுக்க வேண்டும். பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் 'காஷுவல் லீவு' போட்டால் அதுவும் வேலைநிறுத்தந்தான். இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திட்டு மத்தியஸ்தரிடம் போகும் வழியும் இருக்கிறது. தண்டனையைக் குறைக்கும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு இருக்கிறது.

மெமோ வந்தால் என்ன செய்வது?

முதலாவது, பதறாதீர்கள். மெமோவை வாங்க மாட்டேன் என்று மறுக்காதீர்கள். வாங்கி, தேதியைக் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, கெடு முடிவதற்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். பதிலின் நகலில் ஆபீசு முத்திரையோ கையெழுத்தோ வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புங்கள்.

மூன்றாவது, படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வெள்ளைக் காகிதத்தில் போடவே போடாதீர்கள்.

நான்காவது, விசாரணைக்குத் தவறாமல் போங்கள். சாட்சிகளைக் குறுக்குக் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உடல்நலம் இல்லை என்றால் டாக்டர் சர்ட்டிபிகேட்டோடு தவணை கேளுங்கள்.

ஐந்தாவது, வேலை போய்விட்டால் காலம் கடத்தாதீர்கள். முதலில் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். 45 நாளில் சமரசம் ஏற்படாவிட்டால் நீங்களே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வேலை போன நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

இந்த வழக்குகளில் வென்றவர்களும் பல வருடம் காத்திருந்துதான் வென்றார்கள். எட்டு நாள் விதியால் வேலை இழந்தவர் 13 வருடம் காத்திருந்தார். தங்கவயல்காரரும் அத்தனை வருடமே காத்திருந்தார். அதற்குள் அவர்கள் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். கோர்ட்டு சம்பளப் பாக்கியைத் திருப்பித் தரலாம். போன வருடங்களைத் திருப்பித் தர முடியாது.

ஆகவே ஷிப்டில் கோபம் வரும்போது வீட்டு அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடப் பேனாவை எடுக்கும் மானேஜரும், "அவனிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?" என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் இந்த வழக்குகளில் சில கோர்ட்டுப் படியே ஏறியிருக்காது.